ஜீப்பு போய், காரு வராத நாலு நாள்

செப்டம்பர் 30, திங்கள்

இன்று காலை பதினொன்றரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள்: ஏட்டு பவுன்ராஜ், ரைட்டர் கோமதி, டீக்கடை இருளப்பன், இழுவை வண்டிக்காரன் ஒருவன் (வெளியூர், பல்லெல்லாம் புகையிலைக் கறை, பெயர் கேட்கவில்லை), எதிரில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் சீனியம்மாளாகிய நான். ஐந்து பேர். இன்ஸ்பெக்டர் வெளியே வரவில்லை. ஜன்னலோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

ஜீப்பு 3180-இன் முன் சக்கரங்களைத் தூக்கிக் கட்டி, ஜில்லா ஆயுதப்படை மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஏலம் விடுவார்களாம். நல்ல காலத்திலேயே அது ஒரு வண்டி இல்லை. பின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தேங்காய்க் கயிறுதான். மூன்று தெரு தள்ளி வரும்போதே இருமும். திருடன் சாவகாசமாகப் பீடியை அணைத்துவிட்டு ஓடலாம். அப்படி ஒரு ஜீப்புக்குப் பவுன்ராஜ் கண் கலங்கினார்.

"என்ன ஏட்டையா, பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி நிக்கிறீக?"

"பதினோரு வருசம் ஓட்டிருக்கேன் ஆத்தா. எம் பொண்டாட்டி தலைக்குத் தேச்சதவிட இதுக்கு ஊத்துன எண்ணெய் சாஸ்தி."

"அம்புட்டு எண்ணெயும் என் வாசல்லதான் கெடக்கு" என்றேன். கோமதி சிரித்தாள்.

அப்புறம் பவுன்ராஜ் எப்போதும்போல ஸ்டாண்டுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தூணில் தொங்கும் பட்டா புத்தகத்தை எடுத்தார். ரோந்து வரும் போலீஸ்காரர் நேரம், வண்டி எண், கையெழுத்து மூன்றும் போட வேண்டிய நோட்டு அது. தினம் தினம் போட வேண்டும். பவுன்ராஜ் திங்கட்கிழமை ஒரே மூச்சில் ஞாயிறு வரைக்கும் போட்டுவிடுவார். "வேல ஒழியட்டும் ஆத்தா" என்பார். இன்றும் போட்டார். பழகின கை, நோட்டைப் பார்க்காமலே ஓடும். நல்ல மனிதர். அந்த ஸ்டேஷனில் என்னை மனுஷியாக மதித்து ஆத்தா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இருபத்தாறு வருடப் பழக்கம். உரக்கடைக்காரர் வருடா வருடம் டைரி தருகிறார். அதன் கடைசிப் பக்கம் மட்டும் வண்டிகளுக்கு இல்லை, நான் மன்னிக்காத ஆட்களுக்கு.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று ஸ்டேஷனில் வண்டியே இல்லை. பழையது போயாயிற்று, புதியது மந்திரி கொடி அசைத்தால்தான் நகருமாம். வெள்ளிக்கிழமை விழா. அதுவரை ஊருக்குக் காவல் அவரவர் சொந்த மோட்டார் சைக்கிள்.

சாயங்காலம் அவன் லோடு வண்டியோடு வந்தான். அவன் என்றால் என் மகள் மலர்க்கொடியின் புருஷன் சோலையப்பன். வண்டி நெற்றியில் 'மலர்' என்று பெண்டாட்டி பெயரை எழுதி வைத்திருக்கிறான். என் ஸ்டாண்டைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் குறைப்பான். யார் குறைக்கச் சொன்னது? நான் தலை நிமிர்வதில்லை.

பவுன்ராஜ் அவனை நிறுத்தி, விழாவுக்கு முந்நூறு நாற்காலி ஏற்றி வரச் சொன்னார்.

"போன மாசம் பந்தல் சாமான் ஏத்துனேன், அதுக்கு முந்தி மணல் ஏத்துனேன். இந்தத் தடவ வேற ஆளப் பாருங்க ஏட்டையா. எனக்கு நாளைக்கு வெங்காய லோடு இருக்கு."

"வெங்காயமா, அரசாங்கமா?"

"வெங்காயம்தான். அழுகிப் போகும்ல."

இருளப்பன் கடையில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். பவுன்ராஜும் சிரித்தார். ஒரு போலீஸ்காரர் கேட்டு மாட்டேன் என்கிற திமிரைப் பார். என் கடைசிப் பக்கத்தில் முதல் பெயராக ஒன்பது வருடம் இருக்கிறவன் வேறு எப்படி இருப்பான்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. சாராயக் கடை லீவு. சைக்கிள் பன்னிரண்டு, மோட்டார் சைக்கிள் ஒன்பது.

மதியம் 12.10. பவுன்ராஜின் சொந்த மோட்டார் சைக்கிள் ஸ்டேஷனுக்குள் போனது. அவர் ஓட்ட, நடுவில் அவன், பின்னால் ஒரு போலீஸ்காரர். மூன்று பேர், தலைக்கவசம் ஒருவருக்கும் இல்லை. அவன் சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

எனக்கென்ன.

அக்டோபர் 3, வியாழன்

மலர்க்கொடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவன் லோடு வண்டியில் அறுபது பிராந்தி பாட்டில் இருந்ததாம். லீவு நாளில் விற்க வைத்திருந்தானாம். ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

"வெங்காய மூட்டைதான்மா இருந்துச்சு. பாட்டிலு எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலங்கிறாரு. குண்டர் சட்டத்துல போட்டா ஒரு வருசம் வெளிய வர முடியாதாம். பவுன்ராஜ் ஏட்டு சொல்லுச்சு. ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

"குடிக்கிறவன் விக்கத்தான் செய்வான்."

"அவரு வாயில வச்சுப் பாத்தியா நீ?"

"உங்க அப்பன் பொணத்த எடுக்கையில எங்க இருந்தான்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒன்பது வருசமாச்சு. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவயாச்சும் கேட்டியா?"

கேட்க என்ன இருக்கிறது. 2015, ஜூலை 21, செவ்வாய். என் புருஷன் சுப்பையாவைப் பத்தேகாலுக்கு எடுத்தோம். மூத்த மருமகன் கோடித்துணி போட வேண்டும். ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் போட்டான். இவன் வந்தது சாயங்காலம் நான்கு மணி, கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு. வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தான். கையில் இருந்த செம்பை எறிந்தேன். புருவத்தில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. சாலையில் போகும்போது தெரியும்.

மலர்க்கொடிக்குச் சோறு போட்டேன். சாப்பிடவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காருக்கு விழா.

காலை பத்துக்கு என்றார்கள். மந்திரி வந்தது ஒன்றே முக்கால். அதுவரை அந்தக் கார் வெயிலில் நின்றது. வெள்ளை நிறம், நெற்றியில் சிவப்பும் நீலமும் மின்னுகிற விளக்கு, நாலு பக்கமும் கேமரா, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம், கழுத்தளவு மாலை. ஆடி மாசக் கிடா கெட்டது போ.

மந்திரி கொடியை அசைத்தார். கார் நகரவில்லை. உள்ளே இருந்த போலீஸ்காரர் என்னத்தையோ அமுக்க, கண்ணாடி துடைக்கிற கம்பி இரண்டும் ஆடின. மந்திரி மறுபடி அசைத்தார். கம்பி இன்னும் வேகமாக ஆடியது. மூன்றாவது தடவை நகர்ந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்க, சாறு இன்ஸ்பெக்டரின் கால்சட்டையில் தெறித்தது. இந்த ஒரு காரியத்தை அந்த ஓட்டை ஜீப்பு செய்திருந்தால் எண்ணெயையும் மன்னித்திருப்பேன்.

மேடையில் ஒருவர் பேசினார். இந்தக் கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் ஜில்லா ஆபீஸில் தெரியுமாம். நான் இங்கே நார்க்கட்டிலில் உட்கார்ந்தபடி இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். எனக்கு எவனும் மாலை போடவில்லை.

அக்டோபர் 5, சனி

கார் இன்று மூன்று தடவை ரோந்து போனது. கண்ணாடியை இறக்கவே இல்லை. உள்ளே குளிர் மிஷின். ஊருணித் தெருவுக்குள் திரும்ப முடியாமல் பின்னாலேயே வந்தது. ஜீப்பு அந்தத் தெருவில் சுவரை இடித்துக்கொண்டாவது போகும். மதியம் டீ குடிக்க இறங்கிய போலீஸ்காரர்கள் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். விளக்கு மின்ன, கார் ஓடிக்கொண்டே நிற்க, இரண்டு பேரும் வெளியே நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம். ஜில்லா ஆபீஸில் இதுவும் தெரிந்திருக்கும்.

"கயித்தக் கொண்டாரவா சார்?" என்று இருளப்பன் கேட்டான்.

என் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி. இனி அதைப் போனில் காட்டினால் வந்ததாக ஏறிவிடுமாம். பட்டா புத்தகம் வேண்டாமாம். பழைய நோட்டைத் திங்கட்கிழமை ஏட்டு வந்து எடுத்துக்கொள்வார் என்றார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

வாசலில் ஜீப்பு நின்ற இடத்து எண்ணெய்க் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலை ஒன்பதரைக்கு மலர்க்கொடி ஒரு வக்கீல் அம்மாவோடு வந்தாள். பெயர் ஜெசிந்தா. வக்கீல் தன் ஸ்கூட்டரை என்னிடம் விட்டு, இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன் வாங்கினார். ஸ்டேஷனில் வழக்குக் காகிதம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, ஸ்டாண்டு நிழலிலேயே நின்று மகளுக்குப் படித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"அக்டோபர் 2, மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஏட்டு பவுன்ராஜ் ரோந்து வாகனம் 3180-இல் சென்றபோது, எதிரி சோலையப்பன் வாகனத்தை நிறுத்திச் சோதனை செய்து, கைது செய்து, அதே வாகனத்தில் நிலையம் கொண்டு வந்து..."

"எந்த வண்டி?" என்றேன்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார். "மூணு ஒண்ணு எட்டு சைபர். ஏம்மா?"

"அது திங்கக்கிழமையே போயிருச்சே. முன்சக்கரத்தத் தூக்கிக் கட்டி இழுத்துட்டுப் போனாக. காரு வெள்ளிக்கிழமதான் வந்துச்சு. நடுவுல இந்த ஊருல போலீசு வண்டியே கெடையாது. மோட்டார் சைக்கிள்ல நடுவுல உக்கார வச்சுத்தான் கூட்டிட்டு வந்தாக. பன்னெண்டு பத்துக்கு."

"யாரு பாத்தா?"

டைரியை எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமையையும் புதன்கிழமையையும் படித்தார். மறுபடி படித்தார். 'எனக்கென்ன' என்கிற வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

பிறகு தூணில் இருந்த பட்டா புத்தகத்தை அவரே கழற்றினார். செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 6 வரை, ஒரே மை, ஒரே சாய்வு, ஏழு கையெழுத்து. ஏழு நாளும் வண்டி எண் 3180. அக்டோபர் 2-க்கு நேரே மதியம் பன்னிரண்டு.

"ஏலத்துக்கு நிக்கிற வண்டி நேத்து வரைக்கும் ரோந்து போயிருக்கு" என்றார் வக்கீல். "இதப் பாத்துத்தான் வழக்கு எழுதிருக்காங்க. பழக்கதோஷம். இந்த நோட்டு பத்திரம்மா. கோர்ட்டு மூலமாத்தான் இது போகணும், நான் மனு எழுதிட்டு நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அவர்கள் போய்க் கால் மணி நேரத்தில் பவுன்ராஜ் வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"நம்ம நோட்ட எடுத்துக்கிறேன் ஆத்தா. இனி அது வேண்டாமாம். எல்லாம் ஸ்டிக்கர்தான்."

"எலி இழுத்துட்டுப் போயிருச்சு ஏட்டையா."

"எலியா?"

"பெரிய எலி. எண்ணெ குடிச்ச எலி."

அவர் தூணைப் பார்த்தார். என் நார்க்கட்டிலைப் பார்த்தார். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். எழுபத்தொரு வயதுக் கிழவியை எழுப்பிவிட்டுத் தேட அவருக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கும்.

"மருமகனுக்காக மெனக்கெடுறியளாக்கும். அவன் எப்பேர்ப்பட்டவன்னு ஒங்களுக்குத் தெரியாதா ஆத்தா? மாமனாரு செத்த அன்னிக்கு நாந்தான வந்து சொன்னேன்."

ஆமாம். அவர்தான் வந்து சொன்னார்.

நல்ல மனிதரும் நோட்டில் முன்கூட்டிக் கையெழுத்துப் போடுவார். அதை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் வழக்கு எழுதுவாரா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் வண்டி இல்லாத நாளில் வண்டி ஓடியதாக ஒருவர் எழுதினால் என்னால் சும்மா இருக்க முடியாது. வண்டி விஷயம் என் விஷயம். சோலையப்பனுக்காக இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

வக்கீல் வந்து நோட்டை வாங்கிப் போனார். ஏல விளம்பரம் வந்த பேப்பரையும் காட்டினார். அக்டோபர் 1 முதல் மைதானத்தில் வண்டிகளைப் பார்வையிடலாம் என்று போட்டிருக்கிறது. பதினாலாவது வண்டி 3180.

இரவல் வாங்கிய குடையைக் கோமதி திருப்பிக் கொடுக்க வந்தாள். குனிந்தபடியே, "சொன்னத எழுதுறதுதான் எங்க வேல பாட்டி" என்றாள். நான் கேட்டேனா?

அக்டோபர் 9, புதன்

கோர்ட்டுக்குப் போனேன். ஸ்டாண்டை இருளப்பன் பார்த்துக்கொண்டான். இரண்டு டோக்கனை மாற்றிக் கொடுத்துச் சண்டை.

சர்க்கார் வக்கீல், வண்டி எண் கை தவறி விழுந்துவிட்டது என்றார். நீதிபதி அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நோட்டைப் பார்த்தார். "ஏழு நாளும் தவறி விழுந்துச்சா?" என்று கேட்டார். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஜீப்பு போனப்ப யாரெல்லாம் இருந்தாங்க?"

"ஏட்டு பவுன்ராஜ், ரைட்டர் கோமதி, டீக்கடை இருளப்பன், இழுவ வண்டிக்காரன், நானு. இன்ஸ்பெக்டரு சன்னல்ல நின்னு போன் பேசுனாரு."

"எதிரி ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மக புருசன். பேச்சுவார்த்த கெடையாது."

கோர்ட்டே சிரித்தது. "எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒன்பது வருசம், ரெண்டு மாசம், பதினெட்டு நாளு."

நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அவன் கூண்டுப் பக்கம் நின்றிருந்தான். ஒரு வாரத் தாடி. புருவத் தழும்பில் மட்டும் முடி முளைக்கவில்லை.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. எதிரி பழைய குற்றவாளி, ஜாமீன் தரக்கூடாது என்று ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். ஒரே ஒரு பழைய வழக்கு. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு. 2015, ஜூலை 21. காலை ஒன்பது நாற்பது, மதுக்கடை வாசல். பிடித்தவர் போலீஸ்காரர் பவுன்ராஜ். வாகனம் 3180. மாலை மூன்றரைக்கு எச்சரித்து அனுப்பப்பட்டார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்த வருடம் சாராயக் கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பது நாற்பதுக்குப் பூட்டிய கடை வாசலில் எதைக் குடிப்பது?

அன்றைக்குப் பத்து மணிக்குப் பவுன்ராஜ் என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். சுப்பையா மேல் ரோஜா மாலை போட்டார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ளய சாராயக்கட வாசல்ல பாத்தேன் ஆத்தா. கூப்பிட்டேன், வரல. மனசு கேக்கல, அதான் ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்." அவர் சட்டையில் என்ன வாசம் வந்தது என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் அவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கோடித்துணி இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் மலர்க்கொடியிடம் கேட்டேன்.

"துணி வாங்கிட்டு வந்துக்கிட்டிருந்தாரும்மா. அந்த மாசம் கேசு ஒண்ணு கொறையுதுன்னு வழியில புடிச்சு ஏத்திட்டான். மாமனாரு செத்துட்டாருன்னு கால்ல விழுந்திருக்காரு. அந்தத் துணி இன்னமும் பீரோவுலதான் இருக்கு."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தாரு. நீ செம்ப எறிஞ்ச."

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். குண்டர் சட்டப் பேச்சு நின்றுபோயிற்று. பவுன்ராஜ் மேல் விசாரணை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாராம் நீதிபதி.

அக்டோபர் 10, வியாழன்

காலை சைக்கிள் பதினாலு, மோட்டார் சைக்கிள் ஆறு, வக்கீல் ஸ்கூட்டர் ஒன்று.

கார் எட்டரைக்கு ரோந்து போனது. கண்ணாடியை இறக்கவில்லை. என் தூணின் ஸ்டிக்கரில் ஆடு உரசிப் பாதி போய்விட்டது. நின்று பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். பவுன்ராஜை ஆயுதப்படைக்கு மாற்றியாயிற்று என்று இருளப்பன் சொன்னான். 3180 நிற்கிற அதே மைதானம். ஒன்றுக்கொன்று துணை. யாராவது சேர்த்து ஏலம் எடுத்தால் தேவலை.

பதினொரு மணிக்கு சோலையப்பன் வந்தார். லோடு வண்டியைக் கோர்ட்டு இன்னும் விடவில்லை. என் புருஷனின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மலர்க்கொடி வீட்டில் கிடந்த அது ஓடும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். ஸ்டாண்டு வாசலில், வெயிலில், எண்ணெய்க் கறை மேல் நின்றார். மேலே வரவில்லை.

"வெயில்ல ஏன் நிக்கிறீக?" என்றேன்.

"டோக்கன் வாங்காம உள்ள விடமாட்டீகள்ல அத்தை."

ஆணியில் இருந்து ஒன்றாம் நம்பர் டோக்கனை எடுத்துக் கொடுத்தேன். சுப்பையாவின் சைக்கிளுக்கு என்று எழுதி வைத்தது. அவர் போனபின் யாருக்கும் கொடுத்ததில்லை. மற்ற டோக்கனெல்லாம் தீர்ந்துபோயிருந்தது, அதனால் கொடுத்தேன்.

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நார்க்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். செம்பை வாங்கும்போது லேசாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து, "வெங்காயம் பூராவும் அழுகிருச்சு அத்தை" என்றார்.

"அழுகாம என்ன செய்யும்" என்றேன்.

அவர் போன பிறகு டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு வருடமும் பழைய டைரியிலிருந்து புதியதற்கு எடுத்து எழுதும் பக்கம். ஆறு பெயர். முதல் பெயரை அடித்தேன். பேனாவில் மை சரியாக இறங்கவில்லை, நாலு தடவை அடிக்க வேண்டியிருந்தது. அடுத்தவள் சுப்பையாவின் தங்கை, அவள் செத்துப்போனாள். மற்ற நாலு பேரும் என்ன செய்தார்கள் என்று எனக்கு நாள், நேரத்தோடு தெரியும். ஆனால் அவர்களில் எவனும் பிணத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லவில்லை. ஐந்து பெயரையும் அடித்தேன்.

கீழே ஒரே ஒரு பெயர் எழுதினேன். போலீசார் எழுதுகிற மாதிரியே, அப்பன் பெயரோடு.

வேலாயுதம் மகன் பவுன்ராஜ்.